பில்லியன் என்றால் எத்தனை பூஜ்யம்?

நேற்று அப்பாவின் பழைய ஆங்கில அகராதியைத் தூசி தட்டி எடுத்தேன். லண்டனில் அச்சானது, அட்டை பிய்ந்து, தாள் பழுப்பேறிப்போயிருக்கிறது. 'பில்லியன்' என்ற சொல்லுக்கு நேராக 'மில்லியன் மில்லியன்' என்று இருந்தது. அதாவது, ஒன்றுக்குப் பின்னால் பன்னிரண்டு பூஜ்யங்கள். பக்கத்தில் அப்பா பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார்.

அச்சுப்பிழை இல்லை அப்பா. பிரிட்டனில் அன்று அதுதான் பொருள். அமெரிக்காவில் அதே சொல்லுக்கு ஒன்பது பூஜ்யங்கள்தான். நம் கணக்கில் நூறு கோடி. ஒரே மொழி, ஒரே சொல், நடுவில் ஆயிரம் மடங்கு வித்தியாசம்! 1974 டிசம்பரில்தான் பிரதமர் ஹரால்ட் வில்சன், அரசு இனி ஒன்பது பூஜ்யக் கணக்கையே பின்பற்றும் என்று நாடாளுமன்றத்தில் எழுத்துமூலம் பதிலளித்தார்.

என் மனம் பழைய பொருளின் பக்கமே சாய்கிறது. சொல்லின் தொடக்கத்தில் இருக்கும் 'bi' என்றால் இரண்டு. மில்லியனை மில்லியனாலேயே பெருக்கினால் பில்லியன். சொல்லுக்குள்ளேயே கணக்கு இருந்தது, அதைப் பறிகொடுத்துவிட்டார்கள். ஜெர்மானியர்களும் பிரெஞ்சுக்காரர்களும் இன்று பன்னிரண்டு பூஜ்யங்களையே பின்பற்றுகிறார்கள். ஜெர்மன் மொழியில் நூறு கோடிக்கு 'மில்லியார்டே' என்று தனிச்சொல் உண்டு. மொழிபெயர்ப்பாளர்கள் இந்த இடத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

செய்தி எழுதும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உலக மக்கள்தொகை 8 பில்லியன் என்று எழுதாதீர்கள், 800 கோடி என்று எழுதுங்கள். காலையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, "இது எவ்வளவுப்பா?" என்று அம்மா என்னைத்தான் கேட்கிறார்.