வழிமுறைக்கும் மார்க் உண்டு

ப்ளஸ் டூ இயற்பியல் விடைத்தாள் திருத்தப் போகும்போது எனக்கு எரிச்சலும் வருத்தமும் சேர்ந்து வருவது, நன்றாகப் படித்த பிள்ளை வெறும் விடையை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கும்போதுதான்.

81 வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டால் முடுக்கப்பட்ட எலக்ட்ரானின் டி ப்ராய் அலைநீளம் என்ன? மூன்று மார்க் கணக்கு என்று வையுங்கள். 12.27-ஐ வோல்ட்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஆங்ஸ்ட்ரம் என்ற நீள அலகில் விடை வந்துவிடும். 81-க்கு வர்க்கமூலம் 9. கெட்டிக்காரப் பிள்ளைகள் மனக்கணக்காகவே போட்டு, '1.363' என்று எழுதி இரட்டைக் கோடும் இழுத்துவிடுவார்கள். அலகுகூட இருக்காது. விடைக்குறிப்பிலோ சூத்திரத்துக்கு ஒன்று, பிரதியிட்டதற்கு ஒன்று, அலகோடு விடைக்கு ஒன்று என்று பிரித்திருக்கும். நான் எதைப் பார்த்து முழு மார்க் போடுவது?

அடுத்த தாளில் ஒருவன் சூத்திரம் எழுதி, 12.27/√81 என்று பிரதியிட்டு, கடைசியில் வர்க்கமூலத்தை மறந்து 81-ஆலேயே வகுத்து 0.151 என்று முடித்திருப்பான். அவனுக்கு இரண்டு மார்க். அந்த 0.151-ஐ மட்டும் எழுதியிருந்தால் பூஜ்யம்தான். எங்கே சறுக்கினான் என்று யாருக்குத் தெரியும்?

"சரியான விடைக்குக் குறைவு, தப்பான விடைக்கு அதிகமா சார்?" என்று வகுப்பில் கேட்பார்கள். இதில் அநியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. என் கைக்கு வரும் தாளில் பெயர் கிடையாது, டம்மி எண்தான். அவன் கெட்டிக்காரன் என்பது அவன் வாத்தியாருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பக்கத்து பெஞ்சில் பார்த்து எழுதினானா என்பதும் தெரியாது.

லாக் புத்தகக் கதை தனி. கால்குலேட்டர் அனுமதி இல்லாததால், பிளாங்க் மாறிலி, எலக்ட்ரான் நிறை என்று எல்லாவற்றையும் போட்டு நீண்ட வழியில் போகிறவர்கள் மடக்கை அட்டவணையில்தான் போய் நிற்க வேண்டும். அந்தக் கூட்டல் கழித்தலைக் கடைசிப் பக்கத்தில் கிறுக்கி, பெருக்கல் குறி போட்டு அடித்தும் விடுகிறார்கள். நான் புரட்டித் தேடுவேன். கட்டு முடிக்கும் அவசரத்தில் எல்லோரும் தேடுவார்கள் என்று சொல்ல முடியாது. அதே பக்கத்தில் வலதுபுறம் ஒரு கோடு கிழித்துப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

இப்போதெல்லாம் வகுப்புத் தேர்வில் விடையையும் நானே கொடுத்துவிடுகிறேன்: '1.363 ஆங்ஸ்ட்ரம் எனக் காட்டுக.' முதலில் சிரித்தார்கள். அப்புறம் அந்தக் கேள்விக்குத்தான் நேரம் போதவில்லை என்று புகார்.