பேக்கேஜ் டூர்: தலைக்கணக்கும் அறைக்கணக்கும்

ஒவ்வொரு விடுமுறைக்கும் எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். பேக்கேஜ் எடுத்தால் மலிவாக முடியும் என்பது அவர் கட்சி, தனித்தனியாக புக் செய்தால் மிச்சம் என்பது என் கட்சி. போன தடவை, சரி, பார்த்தே விடலாம் என்று ஒரு பேக்கேஜை எடுத்து அதே விமானம், அதே ஓட்டல், அதே தேதிக்கு ஒவ்வொன்றாக விலை போட்டுப் பார்த்தேன். ராத்திரி ஒரு மணி ஆகிவிட்டது, ஆனால் எங்கே இடிக்கிறது என்று புரிந்துவிட்டது.

பேக்கேஜ் விலை தலைக்கு இவ்வளவு. ஓட்டல் வாங்குவது பெரும்பாலும் அறைக்கு இவ்வளவு. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதில்தான் எல்லாமே. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் தொகை ட்வின் ஷேரிங் விலை, அதாவது இரண்டு பெரியவர்கள் ஓர் அறையில் தங்கினால் ஒருவருக்கு ஆவது. குழந்தை என்றதும் படுக்கையோடு ஒரு விலை, படுக்கை இல்லாமல் ஒரு விலை. நாமே அறை எடுத்தால் பல ஓட்டல்களில் ஒரு குறிப்பிட்ட வயது வரைக்கும் குழந்தை நம் கட்டிலிலேயே படுத்துக்கொண்டால் காசே கிடையாது. பேக்கேஜ் குழந்தை விலையில் விமான டிக்கெட்டும் ஊர் சுற்றும் வண்டியும் சேர்ந்திருக்கிறது என்பார்கள். டிக்கெட் சரி, ஆனால் நாங்கள் நாலு பேரும் போகப்போவது ஒரே வண்டியில்தானே, அதற்கு எதற்குத் தலைக்குத் தலை காசு? அப்புறம், ஒரே ஒரு பெரியவர் குழந்தையோடு போனால் பல பேக்கேஜ்களில் அந்தக் குழந்தைக்குப் பெரியவர் விலையே விழும். ஐந்து பேர் என்றால் பெரும்பாலும் இரண்டாவது அறையும் எடுக்க வேண்டிவரும்.

ஆனாலும் அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஓட்டல்காரர்கள் அறை விலையை ஊரறியக் குறைக்க யோசிப்பார்கள், ஓரிடத்தில் குறைத்தால் எல்லாரும் அதே விலையைக் கேட்பார்கள் என்ற பயம். பேக்கேஜுக்குள் அறைக்கு எவ்வளவு, விமானத்துக்கு எவ்வளவு என்று தனியாகத் தெரியாது என்பதால் அங்கே தாராளமாக இறங்கி வருவார்கள். மொத்தமாக வாங்கி வைத்த விமான இருக்கைகள் காலியாகக் கிடந்தால் கடைசி நேரத்தில் அதுவும் குறையும். சாப்பாடு உட்பட எல்லாம் ஒரே இடத்தில் என்ற ரிசார்ட்டுக்கு இரண்டு பேருக்கு மட்டும் விலை போட்டுப் பார்த்தேன், நான் தோற்றுப்போனேன்.

ஒப்பிடும்போது நாளையும் எண்ண வேண்டும். 4 இரவு 5 பகல் என்று போட்டிருக்கும். முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு இறக்கிவிட்டு, கடைசி நாள் காலை ஏழு மணிக்குக் கிளப்பிவிட்டால் கையில் இருப்பது மூன்று பகல்தான். விமானத்தில் பெட்டிக்குத் தனிக்காசு உண்டா என்பதும் விளம்பரத்தின் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

விலைக்கு வெளியே ஒன்று உண்டு, பாதுகாப்பு. விமானம் ரத்தானால் தனியாக புக் செய்தவருடைய ஓட்டல் பணம் பல சமயம் போனதுதான், பேக்கேஜில் அதைச் சரிசெய்வது விற்றவர் வேலை. 2019 செப்டம்பரில் பிரிட்டனில் தாமஸ் குக் நிறுவனம் விழுந்தபோது இன்னும் கிளம்பாதிருந்த பேக்கேஜ் பயணிகளுக்கு ஏடோல் என்ற பாதுகாப்புத் திட்டத்தில் பணம் திரும்பக் கிடைத்தது. எல்லா நாட்டிலும் அப்படிச் சட்டம் கிடையாது, அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கள் கணக்கு? நாலு பேர், அதில் இரண்டு சின்னதுகள், ஒரே அறை. தனித்தனியாகப் போட்டதுதான் குறைவாக வந்தது, ஆனால் நான் அடித்துச் சொன்ன அளவுக்கு இல்லை. பாதி வித்தியாசம் அந்த வண்டியிலேயே இருந்தது. ஒரு ராத்திரித் தூக்கத்தையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறார் அவர், நான் சேர்க்கவில்லை.