பனிக்காலத்து வாடகைக் காரும் காப்புறுதியும்

ஜனவரியில் ரொறன்ரோவில் இருக்கும் அக்காவிடம் போகிறோம், அங்கிருந்து மொன்றியலுக்கு வாடகைக் காரில் போவதாகத் திட்டம், ஏறக்குறைய 540 கிலோமீற்றர். வெள்ளவத்தை மழையில் காலி வீதியில் ஓட்டிப் பழகிய எனக்கு உறைபனி வீதி என்றால் பயம்தான்.

கடனட்டையின் விதிகளை வரிவரியாக வாசித்தேன், வாடகைக் காருக்கு அதில் காப்புறுதி ஒன்றுமில்லை. சரி, வாகனச் சேதத்துக்கான காப்பை வாங்குகிறேன். ஆனால் பல ஒப்பந்தங்களில் ரயரும் கண்ணாடியும் அதற்குள் வராது. முன்னால் போகும் லொறி தெறிக்கவிடும் கல் கண்ணாடியில்தானே படும், அதைத் தனியாகக் கேளுங்கள்.

அப்புறம், மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர் கட்டாயம், ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோவில் அந்தச் சட்டம் இல்லை. ரொறன்ரோவில் கார் எடுப்பதால் அந்த ரயர் வேண்டுமென்று எழுதியே கேட்டுவிட்டேன். பின் இருக்கையில் பிள்ளைகள் இருவரும் இருப்பார்கள்.