அரைப்பேர்

எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் ஒன்பதாம் தரத்துக்கு அன்று நான் கொடுத்த கட்டுரைத் தலைப்பு 'மனதை விட்டு நீங்காத ஒரு நாள்'. வந்த கொப்பிகளில் முக்கால்வாசி கண்டிச் சுற்றுலாதான். பேராதனைப் பூங்கா, தலதா மாளிகை, திரும்பி வரும்போது பஸ்ஸில் பாட்டு. அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கண்டியைக் கண்ணாலும் பார்த்ததில்லை. வழிகாட்டிப் புத்தகத்துக் கட்டுரையை அப்படியே இறக்கி வைத்திருந்தார்கள்.

ஒரு மாணவியின் கொப்பியில் மட்டும் இப்படி இருந்தது:

"நேற்று கணக்குப்பிள்ளை அம்மாவுக்கு அரைப்பேர் போட்டுவிட்டார். அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு இஸ்தோப்பிலேயே உட்கார்ந்திருந்தார். இடுப்புப் படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை."

சிவப்புப் பேனாவால் 'அரைப்பேர்' என்பதை வட்டமிட்டு 'பாதிச் சம்பளம்' என்று எழுதினேன். 'இஸ்தோப்பு' என்பதை வெட்டி 'விறாந்தை' ஆக்கினேன். முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை என்று அடியில் குறித்து, 20க்கு 7 போட்டேன்.

நான் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவன். பேர் என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாள் வேலைக்குச் செக்ரோல் என்கிற வரவுப் பதிவேட்டில் விழுவதுதான் பேர். சொன்ன கிலோ கொழுந்து நிறுவையில் வராவிட்டால் அரைப்பேர். மழை கொட்டினாலும், கொழுந்தே இல்லாத மலையில் நிறுத்தினாலும் அந்தக் கணக்கு மாறாது. விடிந்ததிலிருந்து அட்டைக்கடியோடு நின்றவளைப் பாதி ஆளாக எண்ணிவிட்டார்கள் என்கிற வலி அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. 'பாதிச் சம்பளம்' என்று எழுதினால் பணம் குறைந்தது மட்டும்தான் தெரியும். இதெல்லாம் தெரிந்திருந்தும் வெட்டினேன். பரீட்சைத் தாளில் இந்தச் சொல்லைக் கண்டால் திருத்துபவர் என்ன நினைப்பார் என்ற பயம். சாதாரண தரத்தில் தாய்மொழிப் பாடம் கைவிட்டுப்போனால் மேலே படிப்பது எவ்வளவு சிரமம் என்பது எங்களுக்குத் தெரியும்.

அடுத்த தவணையில் 'என் தாய்' என்ற தலைப்பைக் கொடுத்தேன். அதே மாணவி எழுதியிருந்தாள்: "அன்னையின் அன்பு கடலினும் பெரிது. என் தாய் அதிகாலையில் எழுந்து, நீராடி, இறைவனைத் தொழுவார்." எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. எனக்கு உள்ளே ஏதோ இடித்தது. பக்கத்தில் கூப்பிட்டு, "போன முறை எழுதினது மாதிரி எழுதலாமே" என்றேன். "அதுல நெறைய பிழை விட்டுட்டேனே சேர்" என்றாள்.

அன்றிரவு என் அப்பாயியை நினைத்துக்கொண்டேன். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். ஆனால் தாத்தா செத்த வீட்டில் அவர் வைத்த ஒப்பாரியில், கப்பலில் வந்த கதையிலிருந்து கடைசியாக வாங்கிக் கொடுக்க முடியாமல் போன மருந்து வரை எல்லாம் இருந்தது. எங்கள் பக்கத்து மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை இந்த மாதிரிப் பாடல்களைத்தான் தோட்டம் தோட்டமாகத் தேடிச் சேர்த்தார். அதற்கும் முன்பே, தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளரின் துன்பத்தைப் பாட்டாகக் கட்டி அவர்கள் நடுவிலேயே நின்று பாடியிருக்கிறார். அப்பாயியைப் போலப் பள்ளிக்கூடப் படியையே மிதிக்காதவர்கள் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார்கள். ஒன்பது வருடம் தமிழ் படித்த பிள்ளைக்கு வாயை அடைத்தது என் பேனா.

இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அப்படியிருந்தும் சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தை வைத்துக்கொண்டு வாசிக்க ஆள் தேடி அலைகிற பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். திருத்தமான தமிழில் ஒரு முறைப்பாடு எழுதத் தெரிந்த பிள்ளை அந்த வீட்டுக்குப் பெரிய பலம். அதைக் கற்றுத்தரத்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் முறைப்பாடு எழுதுவதற்கு முன்னால், எனக்கு வலிக்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். அந்த முதல் வேலையை நாங்கள் பாடத்திட்டத்தின் அவசரத்தில் விட்டுவிடுகிறோம்.

சரி, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பதினைந்து நிமிடம் ஒதுக்கினேன். என்ன வேண்டுமானாலும் எழுதலாம், வீட்டில் பேசுகிற சொல்லில் எழுதலாம், சிவப்புப் பேனா படாது. முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் நம்பவில்லை. மறுபடியும் கண்டிச் சுற்றுலா. மூன்றாவது வாரம் பின்வரிசைப் பையன் ஒருவன் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிற அம்மாவுக்குக் கடிதம் எழுதியிருந்தான். பரீட்சைக்கு 'நலம், நலமறிய ஆவல்' என்று பத்துக் கடிதமாவது எழுதிப் பழகியவன். இதில் அந்த வரி இல்லை.

"அம்மா, நீங்க அனுப்புன சப்பாத்து கடிக்குது. நீங்க போறப்ப பார்த்த காலுதான் உங்களுக்குத் தெரியும். அதைத் தம்பிக்குக் குடுத்துட்டேன். ஆனா பெட்டியை நான்தான் வச்சிருக்கேன்."

கொப்பியை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். மலை முழுக்கப் பனி மூட்டம்.

அப்புறம் அந்த மாணவியின் பழைய கொப்பியைக் கேட்டு வாங்கினேன். என் திருத்தங்களை நானே அடித்துவிட்டு, அரைப்பேர், இஸ்தோப்பு இரண்டையும் மேலே மறுபடி எழுதிக் கொடுத்தேன். பரீட்சையில் எங்கே 'விறாந்தை' என்று எழுத வேண்டும் என்பதையும் தனியாகச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை, பிரார்த்தனை முடிந்து வகுப்புக்குப் போகும் வழியில் என் பக்கத்தில் வந்தாள்.

"சேர், அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன்."

"என்ன சொன்னாங்க?"

"அன்னைக்கு நீ பார்த்துக்கிட்டா இருந்தேன்னு கேட்டாங்க சேர்."