சிலோன் என்று தேடினால் தேயிலைத் தகரம்: இணைய அருங்காட்சியகத் தேடல், இதுவரை

பாக்குவெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம், தந்தப் பேழை, ஏட்டுச்சுவடி என்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கும் இலங்கைப் பொருட்களை, கொழும்பில் இருந்தபடியே தேடி ஒரே கோப்பில் சேர்க்கும் வேலை இது.

‘ஸ்ரீலங்கா’ என்று மட்டும் போட்டால் நிறையத் தப்பிவிடும். பழைய பதிவுகளில் ‘சிலோன்’, பிரெஞ்சுப் பதிவுகளில் ‘சேலான்’ என்றிருக்கும். யாழ்ப்பாணத்துக்கு ஒல்லாந்தர் எழுதிய ‘யாஃப்னாபட்னம்’ என்பதையும் போட்டுப் பார்க்க வேண்டும். ‘கொலம்போ’ பெரிய தொல்லை. இத்தாலியனில் கொலம்பஸின் பெயரே அதுதான், மனிதர் கப்பலோடு வந்து இறங்கிவிடுவார்.

‘சிலோன்’ போட்டாலோ தேயிலைத் தகரமும் விளம்பரமும் குவியும். கால வடிகட்டியை 1867இல் நிறுத்தினால் அவை பெரும்பாலும் ஒழியும். கண்டிப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கிய ஆண்டு அது. ஆனால் காலம் குறிக்காத பொருட்களும் சேர்ந்து மறைந்துவிடும். ‘19ஆம் நூற்றாண்டு’ என்று மட்டும் பதிந்தவற்றைச் சில தளங்கள் 1900 வரை எனக் கணக்கிட்டுத் தள்ளிவிடும். ஆகவே வடிகட்டியை எடுத்துவிட்டு, பித்தளை, தந்தம், ஆமையோடு என்று மூலப்பொருளை வைத்து இன்னொரு சுற்றுத் தேடுவது அவசியம்.

அதிகம் தருவது பதிவெண். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கும் பௌத்தப் பெண் தெய்வமான தாராவின் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள்: 143 செ.மீ. உயரம், பொன்முலாம் பூசிய வெண்கலம், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிடைத்தது. எண் 1830,0612.4. அதாவது 1830 ஜூன் 12இல் பதிந்தவற்றுள் நான்காவது. கொடுத்தவர் 1812 முதல் 1820 வரை சிலோனின் பிரித்தானிய ஆளுநராக இருந்த பிரவுன்றிக். பதிவு ஆண்டைப் பொருள் நாட்டைவிட்டுப் போன ஆண்டாக எழுதக் கூடாது என்பதற்கு இந்த இடைவெளியே போதும். கொடுத்தவர் பெயரைச் சொடுக்கினால் அவர் தந்த மற்றப் பொருட்களும் வரும். தலைப்பில் ‘சிலோன்’ இல்லாதவை இப்படித்தான் அகப்படும். லண்டனின் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஆண்டு பொதுவாக எண்ணின் கடைசியில் நிற்கும். அடைப்புக்குறிக்குள் ஐஎஸ், அதாவது இந்தியப் பிரிவு, என்று முடியும் எண்களில் ஆண்டே இராது. திப்பு சுல்தானின் மரப்புலிப் பொம்மைக்கு இட்ட 2545 அப்படிப்பட்ட எண். 1879இல் கலைக்கப்பட்ட லண்டன் இந்தியா அருங்காட்சியகத்தின் சரக்கு அந்தப் பொம்மை.

கோப்பில் பதிவெண், அளவு, மூலப்பொருள், வந்த வழி, படத்தின் உரிமம், பார்த்த தேதி என்று நிரல்கள். இணைப்பை மட்டும் சேமித்தால் தளம் மாறும்போது அறுந்துவிடும், பதிவெண் இருந்தால் மீண்டும் பிடிக்கலாம். உரிமத்தை அன்றைக்கே குறிப்பது நல்லது: நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் 2017 முதல் பொதுவுடைமைப் படங்களைத் தடையின்றித் தருகிறது, பிரித்தானிய அருங்காட்சியகப் படங்களைத் தனி அனுமதி இல்லாமல் வணிகத்துக்கு எடுக்க முடியாது. பெரிய படங்களை இரவுநேர டேட்டாவில் இறக்குவது மலிவு.

‘இப்போது எங்கே’ என்றொரு நிரல் பிறகு சேர்ந்தது. 1765இல் கண்டியில் ஒல்லாந்தர் கொள்ளையிட்ட லெவ்கே பீரங்கி, ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இருந்த வேறு ஐந்து பொருட்களோடு 2023 டிசம்பரில் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டது. பழைய பட்டியலை மட்டும் நம்பினால் அதை இன்னமும் ஆம்ஸ்டர்டாமில் என்றே எழுதிக்கொண்டிருப்போம்.

மீதி இருப்பது ஆண்டில்லாத எண்கள். அவற்றை அளவும் மூலப்பொருளும் கொண்டு பழைய கண்காட்சி விவரப்பட்டியல்களோடு ஒப்பிட வேண்டும், மெதுவாகத்தான் போகும்.