பழைய இரும்பிலிருந்து தரமான உருக்கு: மட்டக்களப்பிலிருந்து ஆய்வு இடத்துக்கு விண்ணப்பித்த விதம்

கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு உருக்கு மீள்சுழற்சியில் ஆய்வு செய்ய விரும்புகிறவர்கள் முதலில் கேள்வியைத் தெரிவுசெய்யுங்கள். நாடும் ஆய்வுகூடமும் அதற்குப் பின்னால் வரட்டும். 'பசுமை உருக்கு' என்று பொதுவாக எழுதிய எங்கள் முதல் வரைவுகளுக்குப் பதிலே வரவில்லை. செம்பு என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதியவைதான் நேர்காணல்வரை போயின.

ஏன் செம்பு? பழைய இரும்பை உருக்கும்போது அலுமினியமும் சிலிக்கனும் ஒட்சிசனோடு சேர்ந்து கசடாக மேலே மிதந்துவிடும். நாகத்தின் கொதிநிலை 907 பாகை செல்சியஸ். 1,600 பாகை உலையில் அது ஆவியாகிப் புகைத்தூசியோடு போய்விடும். செம்பும் வெள்ளீயமும் நிக்கலும் அப்படிப் போகாது. எவ்வளவு ஒட்சிசன் ஊதினாலும் அவற்றுக்கு முன்னர் இரும்புதான் எரியும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் செம்பு கூடிக்கொண்டே வரும். கொங்கிறீட்டுக்குள் போடும் முறுக்குக் கம்பி ஏறத்தாழ 0.4 சதவீதம் செம்பைத் தாங்கும். காரின் வெளித்தகடு போல ஆழமாக அழுத்தி வளைக்கும் தகட்டுக்கு எல்லை 0.06 சதவீதம்தான்.

இந்த எண்களின் பாரம் விளங்க ஒரு பழைய இரும்புக் கடையில் அரை நாள் நின்றால் போதும். காத்தான்குடியிலோ கல்முனையிலோ சம்மாந்துறையிலோ கடைக்காரரிடம் கேட்டால் அவரே பிரித்துக் காட்டுவார். செம்புக்கு விலை அதிகம் என்பதால் அரிசி ஆலையின் பெரிய மோட்டார்கள் தப்புவதில்லை. வைண்டிங்கை உடனே கழற்றிவிடுவார்கள். தப்பிப் போவது ஸ்டார்ட்டர் மோட்டாரின் ஆமேச்சர் (செம்புக் கம்பி சுற்றிய சுழலும் பகுதி), வைப்பர் மோட்டார், வயர் துண்டோடு கிடக்கும் தகடு போன்ற சின்னச் சாமான்கள். ஒரு தொன் உருக்கில் 0.06 சதவீதம் என்றால் 600 கிராம். ஒரு தொன் குவியலுக்குள் 1 கிலோ செம்பு ஒளிந்திருந்தால் அதுவே 0.1 சதவீதம், தகட்டின் எல்லை அங்கேயே தாண்டிவிட்டது. 0.3 சதவீதம் செம்புள்ள இரும்பைச் செம்பில்லாத இரும்போடு கலந்து 0.06க்கு இறக்க வேண்டுமானால், 5 தொன் கலவையில் பழைய இரும்பு 1 தொன் மட்டுமே போகும். முன்மொழிவின் முதல் பக்கத்தில் இந்தக் கணக்கை எழுதுங்கள். படிக்கிறவருக்குப் பிரச்சினையின் அளவு ஒரே பார்வையில் தெரியும்.

கடையிலிருந்து மாதிரி எடுப்பதானால் பெயின்டையும் துருவையும் நாகப் பூச்சையும் கிரைண்டரால் நீக்கிவிட்டு அளக்க வேண்டும். கையில் பிடிக்கும் எக்ஸ் கதிர்க் கருவி செம்பு, நிக்கல், குரோமியம் காட்டும், காபனைக் காட்டாது. காபனுக்குப் பொறி நிறமாலைமானி (மின்பொறியின் ஒளியை வைத்து மூலகங்களை அளக்கும் கருவி) வேண்டும். இதை மாற்றி எழுதிய விண்ணப்பம் அந்த வரியோடு நம்பிக்கை இழக்கும்.

செம்பு செய்யும் கேட்டையும் படிப்படியாகச் சொல்ல வேண்டும். உருட்டுவதற்கு முன் உருக்குக் கட்டியை 1,100 பாகைக்கு மேல் சூடாக்கும்போது மேற்பரப்பு இரும்பு ஒட்சைட்டாகி உதிர்கிறது. எரியாத செம்பு அந்த உதிர்வுக்கு அடியில் சேர்கிறது. 1,085 பாகையில் உருகும் அது உருக்கின் நுண் படிக மணிகளுக்கு இடையிலான எல்லைகளுக்குள் இறங்குகிறது. உருட்டும் உருளைகளுக்குள் போனதும் மேற்பரப்பில் வெடிப்புகள் விழுகின்றன. வெள்ளீயம் இதை மோசமாக்கும், நிக்கல் தணிக்கும். எங்கள் திட்டத்தில் செம்பு மூன்று அளவு (0.1, 0.3, 0.5 சதவீதம்), வெள்ளீயம் இரண்டு அளவு, வெப்பநிலை மூன்று: 18 சேர்க்கை, இரண்டு முறை செய்தால் 36 மாதிரி. ஒரு நாளைக்கு ஒரு மாதிரி என்றால் எத்தனை வாரம் உலை தேவை என்பதுவரை எழுதினோம். ஆறு மூலகத்தையும் நாலு வெப்பநிலையையும் சேர்த்தால் இரண்டு வருடத்தில் முடியாது என்பதைத் தேர்வாளர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

வழி இரண்டு உண்டு. ஏற்கெனவே நிதி கிடைத்த திட்டத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். ஐரோப்பிய ஆய்வு வேலை வெற்றிடங்கள் யூராக்சஸ் (EURAXESS) தளத்தில் வரும். சில வாரங்களே திறந்திருக்கும் என்பதால் விண்ணப்பக் கோவையை முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும். மற்றையது சொந்த முன்மொழிவோடு போகும் புலமைப்பரிசில். ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி ஸ்க்வொடோவ்ஸ்கா-கியூரி திட்டம் வழக்கமாக செப்டெம்பரில் மூடும். முடிவுத் திகதிக்கு முந்திய 36 மாதங்களில் போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. புள்ளி 100இல் ஆய்வின் சிறப்புக்கு 50, பயனுக்கு 30, செயற்படுத்தலுக்கு 20. ஜேர்மனியின் ஹம்போல்ட் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கும் முறையை அதன் தளத்தில் பாருங்கள். அதில் ஆரம்பநிலை ஆய்வாளர் பிரிவுக்குக் கலாநிதிப் பட்டம் முடிந்து 4 வருடத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஏற்றுக்கொள்ளும் பேராசிரியர் ஒருவர் முதலில் தேவை. டுசெல்டோர்ஃபின் மக்ஸ் பிளாங்க் நிறுவகம், ஆகன், வார்விக் பல்கலைக்கழகங்கள், ஸ்டொக்ஹோமின் KTH தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவை தேடலைத் தொடங்க நல்ல இடங்கள்.

செப்டெம்பர் முடிவுத் திகதிக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் பெப்ரவரியிலேயே பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவருடைய ஒரு கட்டுரையில் விடுபட்ட ஓர் அளவீட்டைக் குறிப்பிட்டு, அதை எப்படிச் செய்வீர்கள் என்று ஐந்து வரி போதும். சுயவிபரம் இரண்டு பக்கம். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒரு முறை மட்டும் நினைவூட்டுங்கள்.

இணையவழி நேர்காணலில் மின்சாரமும் இணைய இணைப்பும் கைவிடலாம். தொலைபேசி இணைப்பைத் தயாராக வைத்து, படவில்லைகளை முந்திய நாளே அனுப்பிவிடுங்கள். ஜேர்மனியோடு நேர வித்தியாசம் குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை மணி. 'செம்பை அகற்றலாமே, ஏன் சகிக்க வேண்டும்?' என்று கட்டாயம் கேட்பார்கள். சல்பைட்டுக் கசடு செம்பை இழுக்கும், ஆனால் உருக்கில் கந்தகத்தை விட்டுவிடும். காற்றை அகற்றிய வெற்றிடத்தில் செம்பை ஆவியாக்குவது மிக மெதுவானது. இந்த இரண்டையும் காரணத்தோடு சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியில் இழுத்தடிப்பது பத்திரங்கள்தான். பட்டமளிப்பு விழா தள்ளிப்போனால், பட்டம் செல்லுபடியாகும் திகதியைக் குறித்த கடிதத்தைப் பதிவாளரிடம் முன்பே எழுதிக் கேளுங்கள். ஹம்போல்ட்டின் 4 வருடக் கணக்கு அதில்தான் தங்கியிருக்கிறது. நம்முடைய பெயர்களில் இன்னொரு சிக்கல்: கட்டுரையில் முதலெழுத்தோடு, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக, பிறப்புச் சான்றிதழில் தமிழில். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போதே கடவுச்சீட்டின் பிரதியையும் கொடுத்து, அதே எழுத்துக்கூட்டலைப் போடச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஆய்வாளர் விசாவுக்காக அங்குள்ள நிறுவனம் அனுப்பும் ஏற்பு ஒப்பந்தம் (hosting agreement) வந்ததும் அதிலுள்ள பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஒப்பமிடுங்கள்.