இலை புளிக்கும் நேரம்

ஆய்வகத்தில் சேர்ந்த இரண்டாவது மாதம், 40 உறைகளில் இலைகளைப் பறித்துப் போட்டு, இனப்பெயர், தொட்டி எண், தேதி எல்லாம் மணிமணியாக எழுதி ஃப்ரீசரில் அடுக்கி வைத்தேன். மேடம் ஓர் உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "தேதி இருக்கு. மணி எங்கேப்பா?" என்றார். கை ஒழிந்த நேரத்தில், காலையில் கொஞ்சம் மதியத்தில் கொஞ்சம் என்று பறித்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "சரி, திரும்பப் பறி" என்று உறையை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வேறு குடும்பத்துச் செடிகளாக இருந்திருந்தால் இது இவ்வளவு பெரிய பிழை ஆகியிருக்காது. நாங்கள் வேலை செய்தது கிராசுலேசியில். ரணகள்ளி, செடம், எச்செவெரியா என்று சுமார் 1,400 இனங்கள் கொண்ட, பெரும்பாலும் சதைப்பற்றான இலைகளுடைய குடும்பம். பொதுவாகச் செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து காற்றை உள்ளே விடும். இந்தக் குடும்பத்தில் பலவும் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு நீரைக் காப்பாற்றும். இரவில் திறந்து, கார்பன் டை ஆக்சைடை இழுத்து, மாலிக் அமிலமாக்கி, செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பையில் சேர்த்துவைக்கும். பொழுது விடிந்ததும் அந்த அமிலத்தை உடைத்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை வைத்து, சாத்திய கதவுக்குள்ளேயே ஒளிச்சேர்க்கை. ஆகவே ஒரே செடியில் பறித்தாலும் விடியற்காலை இலை வேறு, அந்தி இலை வேறு. என் உறைகளில் இருந்தது எது என்று எனக்கே தெரியாது.

இதை முதலில் எழுதிவைத்தவருக்கு ஃப்ரீசரெல்லாம் தேவைப்படவில்லை, நாக்கு போதுமானதாக இருந்தது. இந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர் 1813-ல் ஒரு கடிதம் எழுதினார். ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று அதில் சொல்லியிருந்தார். லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அது 1815-ல் அச்சானது. நானும் ஒருநாள், யாரும் பார்க்காதபோது, விடியற்காலை இலை ஒன்றைக் கடித்துத் துப்பினேன். நன்றாகவே புளித்தது. செய்யக்கூடாத வேலைதான். ரணகள்ளி வகைச் செடிகளில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. மேய்ந்த மாடுகள் செத்திருக்கின்றன.

திரும்பப் பறிப்பது என்றால் மூன்று மணிக்கு ஒருமுறை, ஒரு முழு நாளுக்கு. இரவில் வளர்ப்பறை விளக்கைப் போட முடியாது, போட்டால் செடி விடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். மங்கலான பச்சை விளக்கில், தடவித் தடவி, இலையிலிருந்து ஒரு வட்டத் துண்டை வெட்டி உடனே திரவ நைட்ரஜனில் போட வேண்டும். அதிகாலை மூன்று மணிச் சுற்றுதான் கொடுமை. அந்த நேரத்தில் செடி முழு வேகத்தில் வேலை செய்துகொண்டிருக்கும், நான் தூங்கி வழிந்துகொண்டிருப்பேன்.

மறுநாள் டைட்ரேஷன், அதாவது இலையில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று அளப்பது. இலைச் சாற்றில் ஃபினாஃப்தலீன் என்ற நிறங்காட்டியை விட்டு, அமிலம் முறிந்து இளஞ்சிவப்பு வரும்வரை பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். அந்தி இலைக்கு நாலு சொட்டில் இளஞ்சிவப்பு வந்துவிடும். விடியற்காலை இலைக்கோ நிறம் வருவேனா என்று அடம் பிடிக்கும். வரும், மறையும், குலுக்கினால் இன்னும் கொஞ்சம் கேட்கும். ஒரு புத்தக வரைபடத்தைப் பத்து முறை படித்தும் மண்டையில் ஏறாதது, அந்தப் பியூரெட் இறங்கிய இறக்கத்தில் ஏறியது.

அப்புறமும் எண்கள் சரியாக வரவில்லை. மணியெல்லாம் எழுதியிருந்தேன். மேடம் இந்த முறை கேட்டது, "எத்தனையாவது ஜோடி இலை?" கலஞ்சோ ஃபெட்செங்கோய் என்ற இனத்தில் நுனியிலுள்ள இளம் இலைகள் மற்றச் செடிகளைப் போலப் பகலில்தான் காற்றை எடுக்கும். வளர்ந்து ஆறாவது ஜோடி அளவுக்குக் கீழே போனபின்தான் இரவு வேலைக்கு முழுதாக மாறும். நான் பார்க்க அழகாக இருந்த நுனி இலைகளையும் சேர்த்துப் பறித்திருந்தேன். மூன்றாவது முறையும் பறித்தேன்.

இதே செடியைத்தான் மால்கம் வில்கின்ஸ் என்ற தாவரவியலாளர் 1950-களின் கடைசியில் இருட்டில் வைத்து அளந்தார். இருட்டு மாறாமல், வெப்பநிலை மாறாமல் வைத்தும், வெட்டி எடுத்த இலை சில நாட்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் கால அளவில் கார்பன் டை ஆக்சைடு வெளியீட்டைக் கூட்டியும் குறைத்தும் காட்டியது. செடியிலிருந்து பிரித்த பிறகும் இலைக்குள் கடிகாரம் ஓடுகிறது. எனக்கு இது இன்றும் கொஞ்சம் அமானுஷ்யமாகவே படுகிறது.

குரோமோசோம் எண்ணும் வேலையையும் சில வாரம் பார்த்தேன், அதைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. சார்லஸ் ஊல் என்பவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இந்தக் குடும்பத்தின் குரோமோசோம்களை எண்ணியே காலம் கழித்தவர். செடம் சுவாவியோலென்ஸ் என்ற மெக்சிகோ இனத்தில் ஏறத்தாழ 640 என்று எண்ணிச் சொன்னார். மனிதனுக்கு 46. நான் எண்பதைத் தாண்டும்போதே ஏற்கெனவே எண்ணியதைத் திரும்ப எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

கடைசியாக ஹெர்பேரியம். எந்தச் செடியை ஆய்ந்தோமோ அதன் மாதிரியை அழுத்தி உலர்த்தி வைக்க வேண்டும் என்பது விதி. ரணகள்ளிக்கு, 'கட்டிப்போட்டால் குட்டி போடும்' என்று ஒரு பெயரே உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டாவது நான் அந்த வேலையைத் தொடங்கியிருக்கலாம். மற்றச் செடிகளைப் போலத் தாள்களுக்கு நடுவே வைத்து, பலகையால் இறுக்கிக் கட்டிவிட்டு, பதினைந்து நாள் கழித்துத் திறந்தேன். தண்டு மட்டும் வதங்கியிருந்தது. இலைகள் பச்சையாக, கழன்று கிடந்தன. இலை விளிம்புப் பள்ளங்களில் வெளிறிய குட்டிச் செடிகள் முளைத்து, உறிஞ்சுதாளுக்குள் வேர் விட்டிருந்தன. முதலில் கொதிநீரில் முக்கியோ, உறைய வைத்தோ கொன்றுவிட்டுத்தான் இவற்றை அழுத்த வேண்டும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தூக்கிப் போட மனம் வரவில்லை. மூன்று குட்டிகளைத் தாளோடு கிழித்துத் தொட்டியில் நட்டேன், பிழைத்துக்கொண்டன. பதிவேட்டில் ஏற்றும்போதுதான் சிக்கல். சேகரித்த இடம் என்ற கட்டத்தில் 'அழுத்துப் பலகை' என்று எழுதினேன். சேகரித்த நேரம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பின்னால் நின்ற மேடம், "அதை மட்டும் விட்டுடு" என்றார்.